அரசு வளாகத்தின் பாதுகாப்புக் கட்டுப்பாட்டு அறை உதவியாளர் பணி: மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தின் வாசலை ஒட்டி, சிசிடிவித் திரைகளும் தொலைபேசிகளும் வாக்கி டாக்கிகளும் சாவிப் பலகையும் இருக்கும் சிறிய அறையைப் பலர் பார்த்திருப்பார்கள். அங்கே அமர்ந்திருப்பவர் காவலரும் அல்லர், தீயணைப்பு வீரரும் அல்லர், மருத்துவ உதவியாளரும் அல்லர். ஆனால் வளாகத்துக்குள் நேரும் ஆபத்தை அந்த மூவரிடமும் முதலில் கொண்டு சேர்ப்பவர் அவர்தான். ஆபத்தைக் கேட்டறிந்து, இடத்தை உறுதி செய்து, உரியவரை அழைத்து, வருபவருக்கு வழி திறந்துவிட்டு, நடந்தவற்றை நேரத்தோடு எழுதி வைப்பதே அவருடைய வேலை. இந்தப் பணியில் புதிதாகச் சேருகிறவர் முதல் நாளிலிருந்து செய்ய வேண்டியவற்றை, தமிழ்நாட்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகம் ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு இங்கே எழுதுகிறேன். அரசு மருத்துவமனை, நீதிமன்ற வளாகம், பல்துறை அலுவலகக் கட்டடம் ஆகியவற்றுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

பணியில் சேரும் வழி

இந்த இடங்களுக்குப் பெரும்பாலும் ஒப்பந்த முறையில்தான் ஆள் எடுக்கிறார்கள். முன்னாள் படைவீரர்களுக்காக 1986இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய டெக்ஸ்கோ நிறுவனத்தின் வழியாகப் பல அரசு அலுவலகங்கள் பாதுகாப்புப் பணியாளர்களைப் பெறுகின்றன. மற்ற இடங்களில் தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் ஆள் அனுப்புகின்றன. தனியார் நிறுவனம் என்றால், 2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி அது உரிமம் பெற்றிருக்கிறதா என்பதை முதலில் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். அந்தச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு வகுத்த மாதிரி விதிகள், புதிதாகச் சேருகிறவருக்கு 100 மணி நேர வகுப்பறைப் பயிற்சியும் 60 மணி நேரக் களப் பயிற்சியும் குறைந்தது 20 வேலை நாள்களில் அளிக்கப்பட வேண்டும் என்கின்றன. முன்னாள் படைவீரருக்கும் முன்னாள் காவலருக்கும் இது 40 மணி நேர வகுப்பு, 16 மணி நேரக் களப் பயிற்சி என்று குறைகிறது. சீருடை கொடுத்த மறுநாளே இருக்கையில் உட்கார வைக்கும் நிறுவனங்களும் உண்டு என்பதால், பயிற்சிச் சான்றிதழைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது உங்களுக்கே நல்லது.

ஊதியச் சீட்டில் வருங்கால வைப்பு நிதிப் பிடித்தம் 12 சதவீதமாகவும், மாத ஊதியம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இஎஸ்ஐ எனப்படும் தொழிலாளர் காப்பீட்டுப் பிடித்தம் 0.75 சதவீதமாகவும் காட்டப்பட்டிருக்கிறதா என்று முதல் மாதமே பாருங்கள். பிடித்த பணம் உங்கள் பெயரில் உண்மையிலேயே கட்டப்பட்டதா என்பதை யுஏஎன் எனப்படும் வைப்பு நிதிக் கணக்கு எண்ணைக் கொண்டு நீங்களே சரிபார்க்கலாம்.

முதல் வாரம்: வளாகத்தைக் கால்களால் படித்தல்

திரையில் பார்த்து வளாகத்தைக் கற்றுக்கொள்ள முடியாது. முதல் வாரத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு, பகலில் ஒரு முறையும் மின்விளக்குகள் அணைந்த பிறகு ஒரு முறையும் முழு வளாகத்தையும் நடந்து பார்க்க வேண்டும். எத்தனை வாசல்கள், எவை எந்த நேரத்தில் பூட்டப்படுகின்றன, பூட்டியவற்றின் சாவி யாரிடம் இருக்கிறது என்பவற்றை முதலில் எழுதுங்கள். முகப்பில் அலங்கார வளைவு இருந்தால், அதன் அடியில் தீயணைப்பு வண்டி நுழையுமா என்று உள்ளூர் தீயணைப்பு நிலைய அலுவலரை அழைத்து வந்து காட்டிக் கேளுங்கள். வளைவு தடுத்தாலும், பின்வாசலின் முன் இருசக்கர வாகனங்கள் நிறுத்தப்பட்டிருந்தாலும், நிலையம் பக்கத்துத் தெருவில் இருந்தும் பயனில்லை.

அடுத்து மின்மாற்றி, பிரதான மின்பலகை, ஜெனரேட்டர் அறை, டீசல் வைத்திருக்கும் இடம், மேல்நிலைத் தொட்டி, தீயணைப்புக் குழாய் இணைப்புகள், லிஃப்ட் இயந்திர அறை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தளத்திலும் உள்ள தீயணைப்பான்கள் எந்த வகையைச் சேர்ந்தவை என்பதையும் பார்க்க வேண்டும். உலர்தூள் தீயணைப்பானில் அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்று பார்த்தால் போதும்; கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானில் அழுத்தமானி இருக்காது, எடை போட்டுத்தான் அது நிறைந்திருக்கிறதா என்று அறிய முடியும். இது தெரியாமல், முள் இல்லாத தீயணைப்பானையும் சேர்த்து எல்லாம் சரியாக இருப்பதாகக் கையெழுத்திடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆட்சியர் அலுவலக வளாகத்தில் சில இடங்களுக்குத் தனி முறை உண்டு. கருவூலத்தின் காப்பறைக்கு ஆயுதம் தாங்கிய காவலர் பாரா நிற்பார். வாக்குப்பதிவு இயந்திரங்கள் வைக்கப்பட்டுள்ள கிடங்கு வளாகத்திலேயே இருந்தால், அது முத்திரையிடப்பட்டு இரவு பகலாகக் காவலில் இருக்கும். இந்த இரண்டிலும் புகை தெரிகிறது என்றாலும் நீங்கள் பூட்டைத் தொடக் கூடாது. பாராக் காவலருக்கும் பொறுப்பு அலுவலருக்கும் அதே நொடியில் தகவல் போக வேண்டும். பதிவறை வேறு வகையான ஆபத்து. நிலப் பதிவேடுகளும் பழைய கோப்புக் கட்டுகளும் மேலே அணைந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். ஆகவே அணைந்துவிட்டது என்று யாராவது சொன்னாலும் தீயணைப்புத் துறைக்கான அழைப்பை ரத்து செய்யக் கூடாது.

மேசையைத் தயார் செய்தல்

மேசையில் கண்ணாடிக்கு அடியில் ஒரே ஒரு தாள் இருக்கட்டும். அதில் அவசர எண்கள்: ஒருங்கிணைந்த அவசர உதவிக்கு 112, காவல் துறைக்கு 100, தீயணைப்புக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070. அவற்றுக்குக் கீழே அருகிலுள்ள காவல் நிலையம், தீயணைப்பு நிலையம், அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு ஆகியவற்றின் நேரடி எண்கள். அதற்கும் கீழே ஆட்சியரின் நேர்முக உதவியாளர், பொதுப்பணித் துறையின் கட்டடப் பிரிவு, மின் பிரிவு, ஜெனரேட்டர் இயக்குபவர், லிஃப்ட் பராமரிப்பாளர். மாதம் ஒரு முறை ஒவ்வோர் அலுவலரின் எண்ணையும் அழைத்துச் சரிபார்க்க வேண்டும், ஏனென்றால் இடமாறுதல் உத்தரவு வந்தால் ஆள் மாறுவார், தாள் மாறாது.

வளாகத்தின் உள்தொலைபேசியிலிருந்து வெளியே அழைக்கப் பெரும்பாலும் 0 அல்லது 9 முதலில் அழுத்த வேண்டியிருக்கும். அப்படியென்றால் 101 என்று மட்டும் அழுத்தினால் அழைப்பு எங்கும் போகாது. தொலைபேசியைப் பராமரிப்பவரிடம் கேட்டு, எந்தக் கருவியிலிருந்து எப்படி அழைத்தால் அவசர எண் கிடைக்கும் என்பதை அந்தந்தக் கருவியின் மீதே ஒட்டி வைக்க வேண்டும்.

அடுத்தது கடிகாரம். சுவர்க் கடிகாரம், சிசிடிவிப் பதிவுக் கருவி, தீ எச்சரிக்கைப் பலகை, உங்கள் கைப்பேசி ஆகிய நான்கும் ஒரே நேரத்தைக் காட்ட வேண்டும். நான் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில் பதிவுக் கருவியின் நேரம் நாற்பது நிமிடம் பின்தங்கியிருந்தது. ஒரு திருட்டு வழக்கில் விசாரணை அதிகாரி கேட்ட நேரத்துப் படத்தை எடுத்துக் கொடுத்தபோது அதில் வெறும் நடைபாதைதான் இருந்தது. அரசு அலுவலகங்கள் உட்பட நிறுவனங்களின் கணினி அமைப்புகள் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்திசைந்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. உங்கள் பதிவுக் கருவியையும் அந்த ஏற்பாட்டில் சேர்க்கும்படி கணினிப் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள்.

பொறுப்பு மாறும்போது முந்தைய ஷிப்டுக்காரர் வாயால் சொல்வதை மட்டும் நம்பி அமராதீர்கள். சாவிகளை எண்ணி, வாக்கி டாக்கி பேட்டரியைப் பார்த்து, இயங்காத கேமராவைக் குறித்து, தீ எச்சரிக்கைப் பலகையில் எந்தப் பகுதியாவது துண்டிக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டு, பணிப் பதிவேட்டில் இருவரும் கையெழுத்திட்ட பிறகே அவர் கிளம்ப வேண்டும். வெல்டிங் வேலைக்காகப் பகலில் துண்டித்த புகை உணரியை மாலையில் மீண்டும் இணைக்க மறப்பது எல்லா இடங்களிலும் நடக்கிற ஒன்று.

அழைப்பை எடுத்தல்

அழைப்பவர் பெரும்பாலும் பதறியிருப்பார். நடந்ததைக் கதைபோல முதலிலிருந்து சொல்லத் தொடங்குவார். அவரை மரியாதையோடு நிறுத்தி, முதலில் இடத்தைக் கேளுங்கள். "ஐயா, எந்தக் கட்டடம், எந்தத் தளம், எந்த அறைக்குப் பக்கத்தில்?" என்பதே முதல் கேள்வி. தொடர்பு அறுந்துவிட்டாலும் இடம் தெரிந்தால் ஆள் அனுப்ப முடியும். என்ன நடந்தது என்பது முழுவதும் தெரிந்து இடம் மட்டும் தெரியாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவதாக என்ன நடக்கிறது, மூன்றாவதாக யாருக்காவது அடிபட்டிருக்கிறதா, எத்தனை பேர், அவர்கள் பேசுகிறார்களா, மூச்சு இருக்கிறதா, நான்காவதாக அழைப்பவரின் பெயரும் எண்ணும். கேட்டவற்றை அவரிடமே ஒரு முறை திருப்பிச் சொல்லி, சரிதானா என்று உறுதி செய்யுங்கள். அவர் சொன்ன சொற்களையே எழுதுங்கள். "புகை வருகிறது" என்று அவர் சொன்னதை நீங்கள் "தீ விபத்து" என்று மாற்றி எழுதினால், அந்தச் சொல் போகிற இடமெல்லாம் வளர்ந்துகொண்டே போகும்.

வெளியே உதவி கேட்கும்போது ஒரு செய்தியை மறக்கக் கூடாது. 108 அழைப்பை எடுப்பவர் சென்னையில் உள்ள மையத்தில் இருக்கிறார். உங்கள் ஊர் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் ஓர் ஆட்சியர் அலுவலகம் இருக்கிறது. "கலெக்டர் ஆபீசுக்கு வாங்க" என்பது முகவரி ஆகாது. மாவட்டம், ஊர், சாலை, பக்கத்தில் உள்ள பெரிய அடையாளம், எந்த வாசல் என்ற வரிசையில் சொல்லுங்கள். அவர்களாக வைக்கச் சொல்லும்வரை தொலைபேசியை வைக்காதீர்கள். வைத்த உடனே அந்த வாசலுக்கு ஒருவரை அனுப்பி, வண்டி வரும்போது கைகாட்டி அழைத்து வரச் சொல்லுங்கள். இரவு என்றால் அவர் கையில் டார்ச் இருக்கட்டும்.

வாக்கி டாக்கியில் பேசுதல்

பொத்தானை அழுத்திய உடனே பேசினால் முதல் சொல் அறுந்துவிடும். ஒரு நொடி விட்டுப் பேச வேண்டும். முதலில் யாரை அழைக்கிறீர்களோ அவர் பெயர், பிறகு உங்கள் பெயர், பிறகு செய்தி, கடைசியில் "ஓவர்". எண்களைத் தனித்தனி இலக்கமாகச் சொல்லுங்கள், ஏனென்றால் இரைச்சலில் இருபதும் அறுபதும் எழுபதும் ஒன்றுபோலவே கேட்கும். பாதிக்கப்பட்டவரின் பெயர், சாதி, மனுவின் விவரம் போன்றவற்றை மைக்கில் சொல்லக் கூடாது. அந்த அலைவரிசையில் உங்கள் ஆள்கள் மட்டும் இருப்பதில்லை, அவர்களைச் சுற்றிப் பொதுமக்களும் நிற்கிறார்கள்.

திங்கட்கிழமை

ஆட்சியர் அலுவலகத்தில் மிகக் கவனமாக இருக்க வேண்டிய நாள், மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கும் திங்கட்கிழமை. 2017 அக்டோபர் 23 அன்று திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில், கந்துவட்டிக் கொடுமை குறித்து மீண்டும் மீண்டும் மனு கொடுத்த ஒரு குடும்பம், இரண்டு சிறு குழந்தைகள் உட்பட, தீயில் உயிரிழந்தது. மாநிலம் எங்கும் ஆட்சியர் அலுவலக வாசல்களில் பைகளையும் பாட்டில்களையும் சோதிப்பது அதன் பிறகு கடுமையானது.

வாசலில் சோதனை செய்பவர் காவலராக இருந்தாலும், வரிசை முழுவதையும் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடியவர் திரைக்கு முன் இருக்கும் நீங்கள்தான். வரிசையில் சேராமல் ஓரமாக நிற்பவர், குழந்தைகளை இறுகப் பிடித்துக்கொண்டு அழுபவர், முன்பே பலமுறை வந்து திரும்பியவர் ஆகியோரைக் கவனித்து, வாசலில் உள்ள காவலருக்கு உடையையும் நிற்கும் இடத்தையும் சொல்லித் தெரிவியுங்கள். அவரைச் சுற்றி வளைக்கச் சொல்லாதீர்கள். ஒருவர் மட்டும் போய், பெண்ணாக இருந்தால் பெண் காவலர் போய், "என்னம்மா, மனு கொடுக்க வந்தீங்களா, வாங்க உட்காருங்க" என்று பேச்சுக் கொடுத்து நிழலில் அமர வைப்பதே பெரும்பாலும் போதுமானதாக இருக்கிறது. வாசலருகே நீர் நிரம்பிய வாளிகள், கனத்த பருத்திப் போர்வை, தீயணைப்பான் ஆகியவை கூட்டம் தொடங்கும் முன்பே இருக்க வேண்டும். தீக்காயம் நேர்ந்துவிட்டால் 108க்கு அழைத்துக்கொண்டே, ஓடும் சாதாரணக் குழாய் நீரால் இருபது நிமிடம் வரை குளிர்விக்கச் சொல்லுங்கள். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்கவோ, மாவு, பற்பசை, இங்க் போன்றவற்றைப் பூசவோ விடாதீர்கள்.

காப்பாற்றப்பட்டவரைக் குற்றவாளியைப் போல நடத்துவது தவறு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும் என்கிறது. 104, 14416 ஆகிய மனநல உதவி எண்களை வாசல் அறிவிப்புப் பலகையில் எழுதி வைப்பது நல்லது. அப்படியே, தொடர்ந்து பல வாரம் வந்து வெறுங்கையோடு திரும்புகிறவர்களைப் பற்றி நேர்முக உதவியாளருக்கு ஒரு குறிப்பு அனுப்புங்கள். அது பாதுகாப்புப் பணியில் சேராது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

தீ எச்சரிக்கை ஒலித்தால்

எச்சரிக்கைப் பலகையில் ஒலியை நிறுத்தும் பொத்தானும், பழைய நிலைக்குக் கொண்டுவரும் ரீசெட் பொத்தானும் தனித்தனியாக இருக்கும். ஒலி எரிச்சலூட்டுகிறது என்று முதலில் ரீசெட்டை அழுத்திவிட்டால், எந்த உணரி எச்சரித்தது என்பது திரையிலிருந்து மறைந்துவிடும். ஆகவே முதலில் பகுதியின் பெயரைப் படித்து எழுதுங்கள், பிறகு அங்கே ஆளை அனுப்புங்கள், அவர் பார்த்து உறுதி செய்யும்வரை ரீசெட் வேண்டாம். புகை கண்ணுக்குத் தெரிந்தால் மேலதிகாரியின் அனுமதிக்குக் காத்திராமல் 101 அல்லது 112க்கு அழையுங்கள். பொய் எச்சரிக்கைக்காக வந்த தீயணைப்பு வண்டியைத் திருப்பி அனுப்புவதில் எந்த அவமானமும் இல்லை.

மின்பலகையில் தீ என்றால் தண்ணீர் கூடாது. மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லி, கார்பன் டை ஆக்சைடு அல்லது உலர்தூள் தீயணைப்பானைப் பயன்படுத்த வேண்டும். கையில் தூக்கும் தீயணைப்பான் அரை நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். அதற்குள் அடங்காத தீயிடமிருந்து ஆள் வெளியேற வேண்டும். லிஃப்டை யாரும் பயன்படுத்தக் கூடாது.

விடுமுறை இரவுகளை நான் தனியாகக் குறிப்பிட வேண்டும். 2012 ஜனவரியில், பொங்கல் விடுமுறைக் காலத்தில், சென்னை சேப்பாக்கம் எழிலக வளாகத்தில் உள்ள கலச மகாலில் தீப்பிடித்து, கூரை இடிந்து விழுந்ததில் தீயணைப்பு அலுவலர் ஒருவர் உயிரிழந்தார். அலுவலகம் பூட்டியிருக்கும் நாள்களில் புகையை முதலில் பார்ப்பதற்கு ஊழியர்கள் இருப்பதில்லை. எனவே நீண்ட விடுமுறைக்கு முந்தைய மாலையில் ஒவ்வொரு பிரிவிலும் மின்விசிறி, ஏசி, கெட்டில் ஆகியவை அணைக்கப்பட்டனவா என்று பார்த்து எழுதுவதும், விடுமுறை இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சுற்று அனுப்புவதும் என் வழக்கம். வருகிற தீயணைப்பு வீரர்களிடம் கட்டடத்தின் கூரை மரமா, மர உத்தரங்களின் மேல் செங்கல் பாவிய மெட்ராஸ் டெரஸா, கான்கிரீட்டா என்பதையும், உள்ளே யாராவது இருக்கிறார்களா என்பதையும் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

வெடிகுண்டு மிரட்டல்

அண்மைக் காலமாக இந்த மிரட்டல்கள் மின்னஞ்சலில்தான் அதிகம் வருகின்றன. அந்த மின்னஞ்சலை அழிக்காதீர்கள், வாட்ஸாப் குழுக்களில் பகிராதீர்கள். காவல் துறைக்கும் பொறுப்பு அலுவலருக்கும் மட்டும் தெரிவித்து, அப்படியே விட்டு வையுங்கள். தொலைபேசியில் வந்தால் அழைப்பைத் துண்டிக்காமல் நீட்டிக்க வேண்டும். எங்கே வைத்திருக்கிறாய், எப்போது வெடிக்கும், பார்ப்பதற்கு எப்படி இருக்கும் என்று கேட்டு, அவர் சொன்ன சொற்களை அப்படியே எழுதுங்கள். பின்னணியில் பேருந்தின் ஒலியா, கோயில் மணியா, குழந்தையின் அழுகையா என்பதையும் குறியுங்கள். சந்தேகத்துக்குரிய பொருள் கண்ணில் பட்டால் யாரும் அதைத் தொடவோ நகர்த்தவோ கூடாது, அதனருகில் வாக்கி டாக்கியும் கைப்பேசியும் இயக்கக் கூடாது. கட்டடத்தைக் காலி செய்வதா என்பதைக் காவல் துறையும் பொறுப்பு அலுவலரும் முடிவு செய்வார்கள். முடிவானால், அந்தப் பொருளைக் கடந்து போகாத வழியில் மக்களை நடத்திச் செல்வது உங்கள் வேலை. பத்து மிரட்டல்கள் பொய்யாகிவிட்டன என்பதற்காகப் பதினொன்றாவதை இளக்காரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மயங்கி விழுபவர்கள், சிக்கிக்கொள்பவர்கள், பாம்புகள்

வெயில் காலத்தில் வரிசையில் நின்று மயங்குபவர்கள் ஏராளம். விழுந்தவர் பதில் சொல்லாமலும் இயல்பாக மூச்சு விடாமலும் இருந்தால், 108க்கு அழைத்தபடியே அருகில் இருப்பவரை மார்பின் நடுவில் அழுத்தச் சொல்லுங்கள்: பெரியவருக்குக் குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. நீங்கள் வாக்கி டாக்கியில் உரக்க எண்ணிக் கொடுத்தால் அழுத்துபவரின் வேகம் தளராது.

லிஃப்டில் சிக்கியவர்களை இயந்திரம் தெரியாதவர் கதவை நெம்பி வெளியே இழுப்பது ஆபத்தானது. பராமரிப்பாளரை அழைத்துவிட்டு, உள்ளே இருப்பவர்களோடு விடாமல் பேசிக்கொண்டிருங்கள். பதிவறையிலோ புதர் ஓரத்திலோ பாம்பு தெரிந்தால் அடிக்க விடாமல், தூரத்திலிருந்து ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்க, தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். புயல் மழைக் காலத்தில் இந்த வளாகமே மாவட்டத்தின் கட்டுப்பாட்டு மையமாக மாறிவிடும். அப்போது ஜெனரேட்டரின் டீசல் அளவும், தரைத்தளத்தில் நீர் ஏறுகிறதா என்பதும் மணிக்கு ஒரு முறை எழுதப்பட வேண்டும்.

எழுதுதலும் ஒப்படைத்தலும்

பணிப் பதிவேட்டில் 24 மணி நேர முறையில் நேரத்தை எழுதுங்கள். அழைப்பு வந்தது, வெளியே அழைத்தது, வண்டி வாசலுக்கு வந்தது, வண்டி திரும்பியது ஆகிய நான்கு நேரங்களும் தனித்தனி வரிகளாக இருக்க வேண்டும். பிழையாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோடு போட்டு அருகில் சுருக்கொப்பமிடுங்கள். வெள்ளை மை பூசுவதும் தாளைக் கிழிப்பதும் உங்களைத்தான் சிக்கலில் மாட்டும். கண்டதையும் கேட்டதையும் எழுதுங்கள், காரணத்தை ஊகிக்காதீர்கள். "மின்கசிவால் தீ" என்று நீங்கள் எழுதிவிட்டால், நாளை நீதிமன்றத்தில் அது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள்.

சம்பவம் நடந்த அன்றே அந்த நேரத்துக் காட்சியைத் தனியாகச் சேமிக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் பதிவுக் கருவி நிறைந்ததும் பழையவற்றின் மீதே எழுதும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63ஆவது பிரிவின்படி, மின்னணுப் பதிவு நீதிமன்றத்துக்குப் போகும்போது உரிய சான்றிதழும் உடன் போக வேண்டும். அதனால் யார் கேட்டார், யார் எடுத்தார், எந்தக் கருவியில் எடுத்தார், யாரிடம் கொடுத்தார் என்ற வரிசை பதிவேட்டில் இருக்கட்டும். செய்தியாளர் கேட்டாலும், தெரிந்த அலுவலரே கேட்டாலும், எழுத்து உத்தரவு இல்லாமல் காட்சியைக் கொடுக்காதீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்பவரைப் பொதுத் தகவல் அலுவலரிடம் அனுப்புங்கள்.

ஷிப்டு நேரம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒப்பந்தக்காரர்கள் 12 மணி நேர ஷிப்டையே விரும்புகிறார்கள். மூன்று பேர் செய்ய வேண்டியதை இரண்டு பேரை வைத்து முடித்துவிடலாம் என்பதே காரணம். பத்தாவது மணி நேரத்துக்குப் பிறகு கண்கள் திரையின் மீது இருந்தாலும் அதில் உள்ளது மனத்தில் ஏறுவதில்லை. உங்களை விடுவிக்க வேண்டிய ரிலீவர் வரத் தாமதமானால், எத்தனை மணி வரை கூடுதலாக அமர்ந்திருந்தீர்கள் என்பதையும் அதே பதிவேட்டில் எழுதி, ரிலீவரின் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.